ஓட்டுப்பெட்டியோடு ஒரு வட்டம்

மாமல்லபுரம் கழிமுகத்தில் வெயில் சாய்கிறது. நடுத்தண்ணீரில் படகு வட்டமடிக்கிறது. ஒரு துடுப்பைப் படகு விளிம்பிலுள்ள முளையோடு பிணைத்திருந்த கயிறு அறுந்துவிட்டது. ஓடக்காரர் தேவசகாயம் மற்றதை மட்டும் வலிக்க, அதே நாணல் புதர் மூன்றாம் முறை கண்ணில் படுகிறது. வடியும் தண்ணீர் படகைக் கடல்பக்கம் இழுக்கிறது. தேர்தல் வேலைக்கு வந்த வாத்தியார் கஸ்தூரிரங்கன் மடியிலிருக்கும் ஓட்டுப்பெட்டியைக் கட்டிக்கொள்கிறார். நானூறு பேர் வாழ்க்கையில் முதன்முறையாகப் போட்ட ஓட்டு. “பெட்டில ஒரு கயிறு கட்டிக்கீதே சார், அத்த குடு.” “ஐயோ, அது அரக்கு வெச்ச சீல்! தொட்டா என் வேலை போயிடும்!” “தொடலன்னா பெட்டியே பூடும். நாமளும்தான்.” கஸ்தூரிரங்கன் அரக்கைப் பார்க்கிறார், தூரத்து அலைநுரையைப் பார்க்கிறார். சட்டென்று இடுப்பு பெல்ட்டை உருவி நீட்டுகிறார். தேவசகாயம் அதைத் துடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முளையில் இறுக்குகிறார். இரண்டு துடுப்பும் ஒன்றாய் இறங்க, தோல் கிறீச்சிடுகிறது. படகு மெல்ல நேராகிறது. கரையில் போலீஸ்காரர் கையசைக்கிறார். “நீயும் கைய ஆட்டு சார்!” கஸ்தூரிரங்கனுக்கு ஏது கை? ஒன்று பெட்டியில், மற்றது நழுவும் கால்சட்டையில். கண்கள் மட்டும் பெல்ட்டின் தேய்ந்த துளையை விட்டு நகரவில்லை.