பஞ்சர் கடைக்காரியின் ஹம்மிங்

பதினேழாவது முறையும் அந்தச் சிரிப்பு வரவில்லை.

"மத்ததெல்லாம் பிரமாதம்மா. கடைசியில வர்ற சின்னச் சிரிப்பு மட்டும் ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

பாடகி தலையாட்டினாள். பதினோரு வருடம் கோரஸில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியவள். மைக்கின் முன் தனியாக நிற்பது இதுதான் முதல் முறை. அதுவும் பாட்டு இல்லை. பின்னணி இசையில் வந்துபோகும் பன்னிரண்டு விநாடி ஹம்மிங்.

படம் கலகலப்பான காதல் கதை. நாயகி சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். அவளைப் பார்ப்பதற்காகவே நாயகன் தன் டயரில் தானே குண்டூசியைக் குத்திக்கொண்டு வாரத்துக்கு மூன்று தடவை வந்து நிற்கிறான். அவள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்தபடி வாய்க்குள்ளேயே ஒரு மெட்டைப் பாடுகிறாள். குண்டூசி ஓட்டையைக் கண்டுபிடித்ததும், ஒன்றும் தெரியாதவள்போல் மெட்டை முடிக்கிறாள்.

அந்தச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது.

இசையமைப்பாளர் மெட்டுப் போட்ட அன்றே ஒரு பெண்ணைப் பாடவைத்து மாதிரிக்காகப் பதிந்திருந்தார். பின்னால் மின்விசிறிச் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும் கலந்திருந்ததால் அதைப் படத்தில் சேர்க்க முடியாது. அதைத்தான் ஹெட்போனில் போட்டுக் காட்டி, இதே மாதிரி பாடு என்றார்கள்.

பெரிய குரல் என்று சொல்ல முடியாது. முறையாகப் பழகிய குரலும் இல்லை. ஆனால் பாடுகிறவள் யாரையோ பார்த்துக்கொண்டே பாடுகிறாள் என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது.

அந்த ட்ராக் ஓடும்போதெல்லாம் இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். இவள் பாடத் தொடங்கியதும் திறந்துவிட்டார்.

பதினேழு முறையும் அப்படித்தான்.

அவருக்குப் பின்னால் சோபாவில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். ஏசிக் குளிருக்குக் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப். அறிமுகப்படுத்தியபோது இவள் கையைப் பிடித்துச் சிரித்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எப்படிப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டாள் பாடகி. கட்டியவரே தன் கண்ணெதிரில் வேறொருத்தி குரலில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தன் குரலை இப்படிக் கண்மூடிக் கேட்க ஒரே ஓர் ஆள் இத்தனை வருடத்தில் வாய்க்கவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் வாய்விட்டுப் பாடினால், டிவி சத்தம் கேட்கவில்லை என்று அண்ணன் கத்துவான்.

"சார், இது யார் குரல்? அவங்களையே கூப்பிட்டிருக்கலாமே?"

வாய்தவறி வந்த கேள்வி இல்லை. கொஞ்சம் குத்தட்டும் என்றேதான் கேட்டாள்.

இசையமைப்பாளர், உள்ளே இருப்பவளிடம் பேசுவதற்கான பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் மட்டும் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

போச்சு, கிடைத்த ஒரு வாய்ப்பையும் வாயால் கெடுத்துக்கொண்டாய் என்று பாடகி தன்னையே திட்டிக்கொண்டாள்.

சோபாவிலிருந்து மனைவி எழுந்தார். கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பாடகி மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், இசைக்குறிப்புத் தாள் வைத்திருந்த ஸ்டாண்டிலிருந்து பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் எழுதினார்.

'அது சிரிக்கணும்னு சிரிச்சது இல்ல. அடக்கிப் பார்த்தேன், முடியல. அன்னைக்கு இவர் சட்டையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டு ரொம்ப சீரியஸா பியானோ முன்னால உக்காந்திருந்தார்.'

பாடகி இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

மனைவி ஸ்கார்ஃபை விலக்கிக் காட்டினார். தொண்டையின் குறுக்கே ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

பாடகி ஹெட்போனைக் கழற்றினாள். மனைவி அதை எடுத்து அவள் காதிலேயே திரும்ப மாட்டிவிட்டார். பாடு என்பதுபோல் கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினார். தானும் எதிரே நின்றுகொண்டார்.

பதினெட்டாவது முறை.

சத்தமில்லாமல் அவர் உதடு மூடியபடி அசைந்தது, தலை லேசாகச் சாய்ந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடகி பாடினாள். கடைசி அடி வந்தபோது மனைவியின் பார்வை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிற்று. உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது.

பாடகிக்குச் சிரிப்பு தானாக வந்தது.

இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இசையமைப்பாளர் பொத்தானை அழுத்தினார். அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"டேக் ஓகே. இன்னொரு தடவை பாடுறீங்களா... ரெண்டு பேரும்? பதியறதுக்கு இல்ல."

பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

உள்ளே இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.