பில்லில் இருந்த பெயர்

“இங்கே இருக்கறது ஆறு பேர். பேச்சு இந்த ஹாலைத் தாண்டக் கூடாது” என்றார் சங்கரநாராயணன்.

அந்த ஆறு பேரில் அவர்தான் மூத்தவர். மத்திய சர்க்காரில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் அவருடைய தம்பி, டாக்டர் சந்திரமௌலி. தம்பியின் மனைவி காந்திமதி, அவர்கள் பெண் ஸ்நேகா. எதிர் சோபாவில், ஸ்நேகாவுக்கு நிச்சயித்திருந்த பையனின் அப்பா வெங்கடராமன், அவருடைய மைத்துனன் வைத்தி. குடும்பத்தில் எந்த விஷயமானாலும் தில்லி துவாரகாவில் பெரியவருடைய ஃபிளாட்டில் வைத்துப் பேசுவதுதான் வழக்கம்.

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது.

காந்திமதி காப்பி கொண்டுவந்தாள். வெங்கடராமன் தம்ளரைத் தொடவில்லை. பெரியவருக்கு அவருடைய தனித் தம்ளரில் வந்தது. அவர் ஆசாரம் தில்லியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். மனைவி போன பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. தட்டு, தம்ளர், படுக்கை எல்லாம் தனி. தன் பாத்திரத்தைத் தானே தேய்த்துக் கவிழ்ப்பார். பால்கனி ஓரத்துப் பிரம்பு நாற்காலியில் வேறு யாரும் உட்கார்வதில்லை.

வெங்கடராமன் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார். இரண்டு வருடத்துக்கு முன் சந்திரமௌலி, குடும்ப டாக்டர்களுக்கு எய்ட்ஸ் வைத்தியம் கற்றுக்கொடுக்கும் பயிற்சியில் சேர்ந்தார். ஆறு மாதம், சனிக்கிழமை தவறாமல் வகுப்பு. அதற்குப் பிறகு ஜங்புராவில், மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியின் முனையில் இருக்கும் அவர் கிளினிக்குக்கு அந்த நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள், காலனிக்காரர்கள் நின்றுபோனார்கள். இப்போதெல்லாம் பாதி நாள் டாக்டர் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

“நாப்பது வருஷம் ஜலதோஷத்துக்கு மாத்திரை எழுதினவர், அறுபத்தஞ்சு வயசுல இதைப் போய் எதுக்குப் படிக்கணும்? மலை மந்திர் கோயில்ல என்னை நிறுத்திக் கேக்கறா” என்றார்.

ஏழைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி எட்டாது, பக்கத்தில் இருக்கிற டாக்டர் பார்த்தால்தான் உண்டு என்றார் சந்திரமௌலி. அதை வெங்கடராமனும் ஒப்புக்கொண்டார். ஆனால் விஷயம் அது இல்லை என்று மைத்துனனைப் பார்த்தார்.

வைத்தி மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பகீரத் பிளேஸ் மொத்த மருந்துக் கடைகளில் அவனுக்குத் தெரியாதவர் இல்லை.

“தப்பா நினைக்காதீங்கோ மாமா. மாசா மாசம் அந்த மருந்து வாங்கறேள். பில் உங்க பேர்ல இருக்கு. கேம்ப்காராளுக்கு ஒரு ட்ரஸ்ட் இலவசமா கொடுக்கறது, அது எனக்கே தெரியும். அப்போ இது யாருக்கு?”

“என் பேர்லதான் வாங்கறேன். யாருக்குன்னு சொல்ல முடியாது.”

“உங்களுக்கேதான்னு ஊரே பேசறது.”

“பேசட்டும்.”

காந்திமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் கேட்டுப் பார்த்து அலுத்தவள்தான். நாலு மாதமாக அவள் பெண்ணின் அறையில் படுத்துக்கொள்கிறாள். சந்திரமௌலி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து முடிவைக் காட்டினால் போதும், எல்லார் வாயையும் தானே அடைத்துவிடுவதாக வெங்கடராமன் சொன்னார். குரலில் விரோதம் இல்லை. அவருக்கும் அந்தச் சம்பந்தத்தை விட மனம் இல்லை.

“பண்ணிக்கோ நா அப்பா” என்றாள் ஸ்நேகா, இந்தி கலந்த தமிழில். “பஸ், ஒரே ஒரு டெஸ்ட் போதும். எனக்காக.”

சந்திரமௌலி பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“எனக்கு இல்லைன்னு இன்னிக்குக் காட்டினா, யாருக்குன்னு நாளைக்கே தேட ஆரம்பிப்பேள். என்னை நம்பி வந்தவாளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.”

பிறகு அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

“தொட்டாலோ, ஒரே தம்ளர்ல குடிச்சாலோ இது ஒட்டாது. முதல் வகுப்புலயே சொல்லிக் கொடுத்தது இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேங்கறா.”

சங்கரநாராயணன் பால்கனிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடராமன் எழுந்தார். “பெரியவா மன்னிக்கணும். இந்தக் கல்யாணம் வேண்டாம். எங்களுக்கும் குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு.”

ஸ்நேகா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

“நீ இரும்மா” என்றார் சங்கரநாராயணன். “நீங்களும் உட்காருங்கோ, வெங்கடராமன். மானத்தைப் பத்தி இந்தக் குடும்பத்துல நான் பேசணும்.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். இனித் தம்பிக்கும் இந்த வீட்டுக்கும் உறவில்லை என்று சொல்லப்போகிறார் என்றே வைத்தி நினைத்தான். காந்திமதியும் அப்படித்தான் நினைத்தாள்.

“அண்ணா, வேண்டாம்” என்று எழுந்தார் சந்திரமௌலி.

பெரியவர் கையை உயர்த்தித் தம்பியை உட்காரச் சொன்னார்.

“ஊர்ல பேசறது தப்பு. என் தம்பிக்கு அந்த வியாதி கிடையாது” என்றார், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். “அவன் வாங்கிண்டு வர மருந்தை ரெண்டு வருஷமா சாப்பிடறது நான்.”