பொன்னாடைக்கு அடியில் ஒரு வயோலா

மெர்லினின் கைகளில் பொருத்தியிருந்த செயற்கை விரல்களையும் சேர்த்தால் அவளுக்கு மொத்தம் இருபது விரல்கள். அறுபது பேர் வாசித்த சிம்பொனியை ஒரே பியானோவில் அவள் தனியாளாக வாசிப்பாள் என்று முடிவானதும் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார்கள். கலைத்த கையோடு, முதல் கச்சேரிக்கு அந்த அறுபது பேரையும் அழைத்துப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் லூர்துராஜும் ஒருவர். வயலினைவிடச் சற்றே பெரிய வயோலாவை இருபத்தாறு வருடம் வாசித்தவர், மெர்லினின் கணவர்.

இருபது விரல்களுக்கும் எல்லாம் அடங்கவில்லை. எதையாவது விட்டாக வேண்டும் என்றானபோது, யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டாம் பாகத்தில் வயோலாவின் வரிகளை நீக்கிவிட்டிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை.

கச்சேரியில் அந்த இடம் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். பொன்னாடைக்கு அடியில் லூர்துராஜின் இடது கை விரல்கள், கம்பிகளை அழுத்துவதுபோல் அசைந்துகொண்டிருந்தன.

அரங்கமே எழுந்து கைதட்டியது. அவளுக்குத்தான் தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில், காரில், அவளால் அடக்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க. உங்க வரியைத்தான் விட்டுட்டேன்."

"தெரியும். எதையாவது தூக்கணும்னா எப்பவும் வயோலாக்காரங்க எங்களைத்தானே முதல்ல தூக்குவாங்க?" என்றார் அவர் சாதாரணமாக. "அடுத்த கச்சேரிக்கும் எனக்கு ஒரு சீட்டு சொல்லி வை."

"மறுபடியும் வரப்போறீங்களா? எதுக்குங்க?"

"நான் வரலைன்னா அந்த இடத்துல வயோலா இல்லாமப் போயிடுமே, மெர்லின்."