முதல் விசில்

பார்மா நகர ஓபரா அரங்கில், சோப்ரானோ பாடகி ஃபியொரென்ஸா கீழ்ஸ்தாயிக்கு இறங்கியதுமே, மேல்மாடியிலிருந்து எர்மேத்தே விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

பக்கத்து இருக்கை வால்ஃப்ரெதோ பதறினார். “யோவ், நல்லாத்தானே பாடுது? ஏன் விசிலடிச்சு அசிங்கப்படுத்துற?”

“எது நல்லா? கீழ்ச்சுரத்தை நெஞ்சுலேர்ந்து எடுக்கணும். இந்தம்மா தலைக்குரல்ல கொசு மாதிரி முனகுது. வாத்தியத்தைத் தாண்டி ஏதாவது கேக்குதா? பார்மாக்காரன் காதுல பூச்சுத்த முடியுமா?”

அவ்வளவுதான். மேல்மாடி முழுக்க விசில் பற்றிக்கொண்டது. ஃபியொரென்ஸா பாதியிலேயே அழுதுகொண்டு உள்ளே ஓடினாள்.

“ஒருத்தி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி!” திட்டிவிட்டு எழுந்து போனார் வால்ஃப்ரெதோ.

பின்வாசலில், வேஷம்கூடக் கலைக்காமல் வந்த ஃபியொரென்ஸா எர்மேத்தேயின் தோளில் சாய்ந்து விம்மினாள்.

“நெஞ்சுக்குரல் எடுத்தா தொண்டை போயிடும், தலைக்குரல்லயே பாடுன்னு நீங்க சொன்னபடிதாங்க பாடினேன். மேலதானே உக்காந்திருந்தீங்க? முதல்ல விசிலடிச்சது யாருங்க?”

“இருட்டுல தெரியலையேம்மா.” மனைவியின் கண்ணைத் துடைத்துவிட்டார் எர்மேத்தே. “போதும், இனிமே வீட்டோட இரு. நான் இருக்கேன்ல?”