நாலு நல்ல டயர்

குழிக்குள் நின்றபடி லோகேஸ்வரி வண்டியின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே நின்ற சுகுமாறன் குனிந்து குனிந்து எட்டிப்பார்த்தான். இந்தப் பெண்ணுக்குத் தன்மேல் ஏதோ தீராத கோபம் என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

பின்னே என்ன? இந்த வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு அவன் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை பிரேக் குழாயில் கசிவு என்று திருப்பி அனுப்பினாள். அதைச் சரிசெய்துகொண்டு வந்தால், நாலு டயரும் வழுக்கை என்று மறுபடி ஃபெயில்.

இன்று வேண்டுமென்றே வேறு வரிசையில் போய் நின்றான். வண்டி எண்ணைப் பார்த்ததும், அங்கிருந்த ஆய்வாளரை அனுப்பிவிட்டு அவளே வந்துவிட்டாள். பக்கத்து வரிசையில் லோரிகள் மளமளவென்று வெளியேற, இவனுடைய ஃபோர் வீல் ஜீப்பை மட்டும் முக்கால் மணி நேரமாகக் குடைந்துகொண்டிருக்கிறாள்.

வண்டியும் ஒன்றும் இளசு இல்லை. இருபத்திரண்டு வயது, நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டம். ஆனால் டெங்கில் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் மழை பெய்தால் வேன் போகாது, ஃபோர் வீல்தான் போகும். தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேலை சுகுமாறனுக்குக் கிடைத்ததே அதனால்தான்.

திங்கட்கிழமை முதல் ஓட்டம். இன்று வெள்ளி, நாலு மணிக்குள் பாஸ் ஆன சீட்டைத் தோட்ட அலுவலகத்துக்குக் காட்டாவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். துறைமுக வேலை போய் எட்டு மாதமாக வீட்டில் சும்மா இருக்கிறவன் அவன். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவே கூசிப்போயிருந்தான்.

அதனால்தான் இன்று காலை பண்டமாரானில் அந்தக் காரியம் நடந்தது. கூட்டாளி அய்யாவுவிடமும் இதே ரக வண்டி இருந்தது. அதன் நாலு டயரையும் கழற்றி இதில் மாட்டினார்கள். அய்யாவுவின் வண்டி இப்போது கட்டைகளின் மேல் நிற்கிறது.

பரிசோதனைக்கு மட்டும் இரவல் டயரில் வருவது அவர்களுக்குப் புதிதல்ல. பாஸ் ஆனதும் பழையதையே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதல் மாதச் சம்பளத்தில் புது டயர், அதுவரை மெதுவாக ஓட்டினால் போயிற்று என்று சுகுமாறன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தோட்டத்து இறக்கத்தில், வாய்க்கால் ஓரமாக, அந்த வழுக்கை டயர்கள் வண்டியை எப்படி இழுத்துப்போகும் என்பதும் அவனுக்குத் தெரியும். போன வாரம் வழி பார்க்கப் போனபோது ஒருமுறை இழுத்துத்தான் விட்டது.

லோகேஸ்வரி மேலே ஏறி வந்தாள். படிவத்தில் அவன் ‘பயணிகள் பத்து’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். ஒவ்வொரு சீட் பெல்ட்டாக வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.

“இந்த பெல்ட்ட கொஞ்சம் கீழ இறக்கி மாட்டுங்க. பிள்ளைங்க கழுத்துல உரசும்.”

எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருந்த சுகுமாறன் அதற்கும் தலையாட்டினான். அடுத்து அவள் டயர் பக்கம் குனிந்தாள்.

டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஒன்றையும் விடவில்லை.

“எங்க வாங்குனீங்க?”

“கிள்ளான்லதான் மேடம்.”

“மழையில வழுக்காதுல்ல?”

“வழுக்கவே வழுக்காது.”

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தான். அவளோ வண்டியைப் பிரேக் சோதிக்கும் உருளைகளின் மேல் ஏற்றச் சொன்னாள்.

பிரேக்கை அழுத்தச் சொன்னாள், அழுத்தினான். திரையில் எண்கள் ஏறி இறங்கின. இன்னொரு தடவை என்றாள். மணி மூன்றே கால். மூன்றாவது தடவையும் அழுத்தச் சொன்னபோது அவளைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

கடைசியில் சீட்டில் முத்திரை விழுந்தது. பாஸ்.

சுகுமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு மூச்சு சரியாக வந்தது. வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தியதும் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அய்யாவுதான் அனுப்பியிருந்தான். ‘பாஸா? சீக்கிரம் வா லா. உன் பழைய டயர எடுத்து வெச்சிட்டேன்.’

லோகேஸ்வரி சீட்டைக் கொடுக்க வாசல்வரை நடந்து வந்தாள். கை நீட்டி வாங்கிக்கொண்டவனுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. இனி அவளால் என்ன செய்ய முடியும்?

“மூணு தடவ அலைய விட்டுட்டீங்களே மேடம். என் மேல அப்படி என்ன கோபம்?”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“கோபமெல்லாம் இல்லண்ணே. நாங்களும் அந்தத் தோட்டத்துக் குடியிருப்புலதான் இருக்கோம். திங்கக்கிழம உங்க வண்டியில மொதல்ல ஏறப்போறது என் மகதான்.”