குழாயில் கட்டிய துணி

மண்ணூரில் தன் வீட்டுக் கிணற்றுக்கு மூடி போட்டு, மோட்டார் வைத்து, மாடியில் புது டேங்க் ஏற்றினாள் பாஞ்சாலி. அன்றிலிருந்து, சமையலறைக் குழாயில் வடிகட்டக் கட்டிய துணியை அவிழ்க்கும்போதெல்லாம் உள்ளே கால்நகத் துண்டுகள் கிடந்தன. மருதாணிச் சிவப்பும் அழுக்குமாக, ஊறி வழவழத்துப்போய்.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த தங்கமாரியிடம் பாய்ந்தாள். "டேங்க் மேல குந்திகினு நகம் வெட்டுறியாடி? இந்தத் தண்ணிலதான் சோறாக்குறேன், கருமம்!"

ஷிப்டுக்குக் கிளம்பிய தங்கமாரி நின்றாள். "எனக்கு மருதாணியே ஒத்துக்காதுக்கா. ஒங்க கால்லதான இருக்கு?"

பாஞ்சாலி குனிந்து பார்த்தாள். டேங்க் ஏற்றிய பிறகு அவள் நகமே வெட்டவில்லை. பத்தும் சதையை ஒட்ட, இப்போதுதான் வெட்டியதுபோல் இருந்தன.