கல்யாணத்துக்குப் படித்த பாஷை

பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்குப் பெட்டி வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

உள்ளே இருப்பது அவள் மகன், அமலன். தூத்துக்குடியில் எந்தச் சாவிலாவது ஒருவன் இப்படித் தட்டியிருந்தால் கையை முறித்து அனுப்பியிருப்பார்கள்.

பிறகுதான் முகங்களைப் பார்த்தாள். அழுதுகொண்டே தட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. இத்தாலியில் வழியனுப்புவது இப்படித்தான் போல. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் தட்டவில்லை.

அவன் கல்யாணத்துக்கு எடுத்த விசாவில் வந்திருந்தாள். பட்டுச் சேலையை மட்டும் சூட்கேஸிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

பாஷையும் கல்யாணத்துக்குப் படித்ததுதான். அவள் மீன் கழுவுவாள். அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்த போனிலிருந்து அவன் சொல்லிக்கொடுப்பான். கிளாஸை முட்டினால் சின் சின். முட்டும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பெண்ணைப் பார்த்தால் கே பெல்லா, என்ன அழகு. யார் கட்டிப்பிடித்தாலும் அவுகூரி, வாழ்த்துகள்.

"விருந்துக்கு இது போதும்மா. மிச்சத்துக்கு நான் பக்கத்துல நிப்பேம்லா."

சற்று முன், பூசை முடிந்ததும், கோயிலுக்குள்ளேயே ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்திருந்தார்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். திறந்தால் வாழ்த்துச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

காலையில் லூச்சியாவிடம் கேட்டுப் பார்த்தாள். அமலன் கட்டிக்கொள்ள இருந்த பெண். கையால்தான் கேட்டாள். மூடியைத் தூக்குவதுபோல் காட்டினாள். தன் முகத்தைத் தடவிக் காட்டினாள். ஒரே ஒரு தடவை.

லூச்சியா அழுதாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவன் பைக் லாரிக்கு அடியில் போயிருந்தது. இவள் வந்து சேர்வதற்குள் திருகாணி போட்டு மூடிவிட்டார்கள்.

எப்படி இருந்தால் என்ன. பெற்றவள் பார்க்கக்கூடாத முகமா.

கறுப்பு வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. நான்கு பேர் பெட்டியை ஏற்றக் குனிந்தார்கள்.

முகம் என்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. திற என்பதற்கும் இல்லை.

வாயில் வந்தது பந்திப் பேச்சுதான். பரிமாறுகிறவர் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிடாமல் இருக்க அவன் சொல்லிக்கொடுத்தது.

"ஆங்கோரா ஊன் போ."

இன்னும் கொஞ்சம்.

கைதட்டல் ஓய்ந்தது.

நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். விலகி நின்றார்கள். பெட்டியை யாரும் திறக்கவில்லை.

அவள் கிட்டே போய் மரத்தின்மேல் கை வைத்தாள். ஊர்ப் பெட்டி என்றால் தோள்பக்கம் அகன்றிருக்கும். இதற்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தது.

தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

லூச்சியா அவள் மணிக்கட்டைப் பிடித்து, கையை மறுமுனைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.